வாசகர் கேள்வி பதில்: கிராண்ட் வரும், மூணு வருஷத்துல போயிடும், அப்புறம்?

அமெரிக்காவோட கிராமப்புற கவுன்ட்டிகள்ல வாழற, வேலை பாக்கற தமிழ் வாசகர்கள்கிட்டேர்ந்து ஓபியாய்டு (அபின் வகை வலி மாத்திரை, ஹெராயின், ஃபென்டனில்) போதை சிகிச்சைக்கான கிராண்ட், அதாவது மானியம் பத்தி நிறைய கடிதம் வந்திருக்கு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து இந்த தடவை முழுப் பகுதியையும் இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: நாங்க கென்டக்கில ஒரு சின்ன கவுன்ட்டில இருக்கோம். கொஞ்சம் பேர் சேர்ந்து நலாக்சோன் (ஓவர்டோஸ் ஆனவங்களை மீட்கற மருந்து) கொடுக்கறது, சிகிச்சைக்கு கார்ல கூட்டிட்டு போறது, ஜெயில்லேர்ந்து வெளில வர்றவங்களுக்கு தங்க இடம் பாக்கறதுன்னு செய்யறோம். கிராமப்புறத்துக்குன்னு ஃபெடரல் கிராண்ட் இருக்காமே, எங்க மாதிரி குழுவுக்கு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனா தனியா போனா ரொம்ப கஷ்டம். பணம் எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா நிறைய பேர் சம்பந்தமே இல்லாத ஆபீஸுக்கு எழுதிட்டு மாசக்கணக்கா காத்திருக்காங்க.

கிராமத்துக்குன்னே உள்ளது ஹெர்சாங்கற ஃபெடரல் ஏஜென்சியோட ஆர்கார்ப் திட்டம், 2018ல ஆரம்பிச்சது, அந்த வருஷம் திட்டம் போடறதுக்கு மட்டும்னு 95 இடத்துக்கு ஆளுக்கு 2 லட்சம் டாலர் வரைக்கும் கொடுத்தாங்க, அடுத்த வருஷத்துலேர்ந்து சிகிச்சையை நடத்திக் காட்டறதுக்கு மூணு வருஷத்துக்கு சேர்த்து 10 லட்சம் டாலர் வரைக்கும்னு ஆச்சு. லாப நோக்கில்லாத அமைப்பு, சர்ச் சார்ந்த அமைப்பு, பழங்குடி அரசு, ஆஸ்பத்திரி, யார் வேணா அப்ளை பண்ணலாம். ஆனா பல ரவுண்டுல அவங்க கேட்டது ஒரு கூட்டணி, குறைஞ்சது நாலு தனித்தனி அமைப்பு சேர்ந்து வரணும், சேவை முழுக்க ஹெர்சா கிராமப்புறம்னு வகைப்படுத்தின பகுதில மட்டும்தான் நடக்கணும். உங்க ஊர் அந்த வகைல வருதான்னு ஹெர்சா வெப்சைட்ல அட்ரஸ் போட்டா உடனே சொல்லிடும், அதை இன்னிக்கே பாத்துடுங்க, ஏன்னா வயல்காடும் மலையுமா இருக்கற இடம்கூட பெரிய நகரம் இருக்கற கவுன்ட்டில மாட்டிக்கிட்டு சில சமயம் லிஸ்ட்ல வராம போயிடும்.

ரெண்டாவது சாம்சாங்கற, போதை சிகிச்சையைப் பாக்கற ஃபெடரல் ஏஜென்சியோட ஸ்டேட் ஓபியாய்டு ரெஸ்பான்ஸ் கிராண்ட். இதுவும் 2018லதான் வந்தது, வருஷத்துக்கு சுமார் 1.5 பில்லியன் டாலர், ஆனா பெரும்பாலும் மாநில அரசுக்குத்தான் போகும், அங்கேர்ந்துதான் கீழ பிரிச்சுக் கொடுப்பாங்க. அதனால வாஷிங்டனுக்கு லெட்டர் எழுதறதுல பிரயோஜனமே இல்ல, உங்க மாநில போதை சிகிச்சைத் துறை எப்ப அறிவிப்பு விடுதுன்னு பாக்கணும்.

மூணாவதைத்தான் சின்ன குழுக்கள் கவனிக்கவே மாட்டேங்கறாங்க, செட்டில்மென்ட் பணம். மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன்னு மூணு பெரிய மருந்து விநியோக கம்பெனியும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் சேர்ந்து, ஓபியாய்டு மாத்திரை விஷயமா மாநிலங்களும் ஊர்களும் போட்ட வழக்குகளை முடிக்க 26 பில்லியன் டாலர் கொடுக்க 2021ல ஒத்துக்கிட்டாங்க, விநியோகஸ்தர்களோட பங்கு 18 வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா வருது, அதுல குறைஞ்சது 85 சதவீதம் இந்தப் பிரச்சனையை சரி பண்றதுக்கே செலவாகணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. உங்க கென்டக்கில இதுல பாதி மாநில கமிஷனுக்கும் பாதி நேரா கவுன்ட்டி, நகரங்களுக்கும் போகுது. அதாவது உங்க ஃபிஸ்கல் கோர்ட் (கவுன்ட்டியை நடத்தற சபை) கூட்டத்துல, உங்களுக்கு முகம் தெரிஞ்ச நாலஞ்சு பேர்தான் முடிவு பண்றாங்க. 1998ல புகையிலை கம்பெனிகள் கொடுத்த செட்டில்மென்ட்ல பெரும்பகுதி பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போயிடுச்சு, புகையை நிறுத்தறதுக்கு கிடைச்சது கொஞ்சம்தான். அது மறுபடி நடக்காம இருக்கணும்னா அந்தக் கூட்டத்துல உக்காந்து கேள்வி கேக்க ஆள் வேணும், அது நீங்களா இருக்கட்டும்.

என் யோசனை இதுதான், முதல் வருஷம் ஃபெடரல் கிராண்டுக்கு நீங்களே தலைமை அமைப்பா போகாதீங்க. பக்கத்துல இருக்கற சமூக சுகாதார மையமோ சின்ன ஆஸ்பத்திரியோ தலைமையா இருக்கட்டும், நீங்க கூட்டணில உறுப்பினரா சேருங்க. ஆனா சும்மா பேருக்கு சேர்த்துக்க விடாதீங்க, கார்ல கூட்டிட்டு போற வேலைக்கும் தங்க இடம் பாக்கற வேலைக்கும் பட்ஜெட்ல உங்க பேர்ல தனி வரி இருக்கணும்னு எழுத்துல வாங்கிட்டுத்தான் கையெழுத்து போடணும். கடைசி வாரத்துல வந்து ஒரு ஆதரவு கடிதம் மட்டும் வாங்கிட்டு போயிட்டு பணம் வந்தப்புறம் கண்டுக்காம விட்ட கதை நிறைய கேட்டிருக்கேன், எனக்கு அதுல கோவமே வரும், ஏன்னா நோயாளிங்க நம்பறது உங்களைத்தான்.

கேள்வி: நான் ஜே-1 வேவர்ல (விசா முடிஞ்சு ஊருக்குத் திரும்பாம, டாக்டர் பத்தாத இடத்துல வேலை பாக்க கிடைக்கற விலக்கு) மேற்கு வர்ஜீனியால ஒரு கிராமத்து ஆஸ்பத்திரில வேலை பாக்கற டாக்டர். எமர்ஜென்சில வாரா வாரம் ஓவர்டோஸ் பாக்கறேன். சிகிச்சை ஆரம்பிக்கலாம்னு சொன்னதும் நிர்வாகம் "அப்போ நீங்களே கிராண்ட் எழுதுங்க"ன்னுட்டாங்க. எனக்கு இதுல அனுபவமே இல்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

டாக்டர், முதல் விஷயம், மருந்து எழுதறதுக்கு நீங்க கிராண்டுக்காக காத்திருக்க வேண்டியதில்ல. முன்னாடி பியூப்ரனார்ஃபின் (ஓபியாய்டு ஏக்கத்தை அடக்கற மருந்து) எழுத எக்ஸ் வேவர்னு தனி அனுமதி வாங்கணும், இத்தனை பேருக்குத்தான்னு கணக்கு வேற இருந்தது, 2022 டிசம்பர் கடைசில வந்த சட்டம் அதை எடுத்துடுச்சு. இப்போ கட்டுப்பாட்டு மருந்து எழுதறதுக்கு டிஇஏங்கற ஃபெடரல் ஏஜென்சி கொடுக்கற பதிவு இருந்தா போதும், அந்தப் பதிவுக்காக ஒரே ஒரு தடவை 8 மணி நேரப் பயிற்சி. இதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான மெத்தடோன் மட்டும்தான் இன்னமும் தனியா சான்று பெற்ற மையத்துலேர்ந்து தரணும், கிராமத்துல அப்படி மையம் இருக்கறது அபூர்வம், அதனாலதான் கிராமப்புற சிகிச்சைல பியூப்ரனார்ஃபின் இவ்வளவு முக்கியமாச்சு. எமர்ஜென்சிலயே முதல் டோஸ் கொடுத்து ரெண்டு நாள்ல கிளினிக்குக்கு வரச் சொல்ற ஏற்பாட்டை இப்பவே ஆரம்பிக்கலாம், நாலு நோயாளிக்கு செஞ்சு காட்டினீங்கன்னா அதுதான் நாளைக்கு உங்க விண்ணப்பத்துக்கு உயிர்.

அடுத்தது பேப்பர் வேலை. விண்ணப்பிக்கறது ஆஸ்பத்திரிதான், நீங்க இல்ல, அதனால ஃபெடரல் கிராண்ட் கேக்கறவங்க பதிவு பண்ணற சாம் டாட் கவ் வெப்சைட்ல ஆஸ்பத்திரியோட பதிவு உயிரோட இருக்கான்னு அக்கவுன்ட்ஸ்ல கேளுங்க (சாம்சா வேற, இது வேற), அதை வருஷா வருஷம் புதுப்பிக்கணும், காலாவதியாகி இருந்தா சரி பண்ண வாரக்கணக்குல ஆகும், விண்ணப்ப அறிவிப்புக்கும் கடைசி தேதிக்கும் நடுவுல கிடைக்கறதே பெரும்பாலும் ரெண்டு மூணு மாசம்தான். நல்லா எழுதின விண்ணப்பம் இந்த ஒரு காரணத்தால உள்ள போகாம நின்னுடும், கிராமத்து ஆஸ்பத்திரில இதைப் பாக்கறதுக்குன்னு தனி ஆள் கிடையாது, நகரத்து பல்கலைக்கழகத்துல ஒரு ஆபீஸே இருக்கும். தேவை எங்க அதிகமோ அங்க விண்ணப்பம் எழுத ஆள் இல்ல, இந்த மொத்த ஏற்பாட்டுலயே எனக்குப் பெரிய வருத்தம் அதுதான். மாநில கிராமப்புற சுகாதார ஆபீஸ் ஒன்னு எல்லா மாநிலத்துலயும் இருக்கு, அங்க போன் பண்ணி விண்ணப்பத்துக்கு உதவி கேளுங்க, கேக்கறவங்களுக்கு வழி காட்டுவாங்க.

எழுதும்போது அமெரிக்கா பூரா எத்தனை பேர் செத்தாங்கன்னு ஒரு பக்கம் எழுதிடாதீங்க, 2022ல ஓவர்டோஸ்ல 1,07,000க்கு மேல செத்தாங்கன்னு படிக்கற நடுவருக்கு நல்லாவே தெரியும். உங்க கவுன்ட்டில போன வருஷம் எத்தனை ஆம்புலன்ஸ் கால், உங்க எமர்ஜென்சிக்கு வந்தவங்கள்ல எத்தனை பேர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டாங்க, பக்கத்து மெத்தடோன் மையம் எத்தனை மைல், பஸ் இருக்கா இல்லையா, கவுன்சிலர் வேலைக்கு விளம்பரம் போட்டு எத்தனை மாசம் ஆள் வரலை, இதெல்லாம் எழுதுங்க. யார் எந்த வேலையை எந்த மாசம் செய்வாங்கன்னு எழுதுங்க. கூட்டணில ஷெரிஃப் ஆபீஸ், ஜெயில், கவுன்ட்டி ஹெல்த் டிபார்ட்மென்ட் இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா ஜெயில்லேர்ந்து வெளில வந்த முதல் ரெண்டு வாரம்தான் ஓவர்டோஸ் சாவுக்கு மிக மோசமான நேரம், உள்ள இருந்தப்போ உடம்போட தாங்கும் சக்தி குறைஞ்சிருக்கும், வெளில வந்து பழைய அளவே எடுப்பாங்க. இதைப் புரிஞ்சுக்கிட்டு ஜெயிலுக்குள்ளயே மருந்து ஆரம்பிக்கற திட்டம் எழுதினா நடுவர் உடனே கவனிப்பார்.

பட்ஜெட்ல ரெண்டு எச்சரிக்கை. புது கட்டடம் கட்ட இந்த வகை கிராண்ட்ல பொதுவா அனுமதி இல்ல. ஏற்கனவே ஆஸ்பத்திரி கொடுத்துட்டு இருக்கற சம்பளத்தை அப்படியே தூக்கி கிராண்ட்ல போடறதும் கூடாது, புது வேலைக்குத்தான் புது பணம், நிர்வாகம் இதைத்தான் முதல்ல கேப்பாங்க, நீங்க முடியாதுன்னு சொல்லணும்.

இன்னொன்னு, கொஞ்சம் கசப்பா இருந்தாலும் சொல்லிடறேன். உங்க வேவர் மூணு வருஷம். கிராண்டும் மூணு வருஷம். ரெண்டும் சேர்ந்து முடிஞ்சா உங்களை நம்பி மருந்து எடுத்துட்டு இருக்கறவங்க நிலைமை என்ன? பியூப்ரனார்ஃபின் திடீர்னு நின்னா அவங்க போய் நிக்கறது ஃபென்டனில் விக்கறவன்கிட்டதான். நீங்க அங்கயே இருப்பீங்களா போயிடுவீங்களான்னு நான் கேக்கலை, அது உங்க குடும்ப விஷயம். ஆனா முதல் வருஷத்துலயே உள்ளூர்ல பொறந்து வளர்ந்த நர்ஸ் ப்ராக்டிஷனர் (கூடுதலா படிச்சு மருந்து எழுதற நர்ஸ்) ரெண்டு பேரையாவது இந்த மருந்து எழுதற பழக்கத்துக்கு கொண்டு வாங்க, அவங்க எழுதலாம்னு 2016லயே சட்டம் வந்தாச்சு. ஒரு டாக்டர் தலைல நிக்கற புரோகிராம் அந்த டாக்டர் கிளம்பின அன்னிக்கே போயிடும்.

கேள்வி: தானா தேடிக்கிட்ட பழக்கத்துக்கு நாம கட்டற வரில இவ்வளவு பணம் ஏன் கொடுக்கணும்? அதே கிராமத்துல சர்க்கரை நோய்க்கு டாக்டர் இல்ல, பிரசவம் பாக்க ஆஸ்பத்திரி இல்ல. – ஓஹையோ வாசகர்

பிரசவ வார்டு மூடற கோவம் நியாயமானது, அதுல உங்களோட நான் நிக்கறேன். முதல் பாதியைத்தான் ஒத்துக்க முடியலை.

மேற்கு வர்ஜீனியால கெர்மிட்னு ஒரு ஊர், மொத்த ஜனத்தொகை சுமார் 400. அங்க இருந்த ஒரு மருந்துக்கடைக்கு ரெண்டு வருஷத்துல கிட்டத்தட்ட 90 லட்சம் ஹைட்ரோகோடோன்ங்கற ஓபியாய்டு வலி மாத்திரை வந்து இறங்கியிருக்கு. 2007லேர்ந்து 2012 வரைக்கும் அந்த மாநிலத்துக்கே 78 கோடி ஹைட்ரோகோடோன், ஆக்ஸிகோடோன் மாத்திரை, குழந்தையையும் சேர்த்து தலைக்கு 433ன்னு கணக்கு, சார்ல்ஸ்டன்ல இருக்கற ஒரு பத்திரிகைல எரிக் ஐயர்ங்கற நிருபர் இதை வெளில கொண்டு வந்து 2017ல புலிட்சர் வாங்கினார். சுரங்கத்துல முதுகு ஒடைஞ்சவன், மரம் வெட்டப் போய் தோள் போனவன், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை எடுத்தான். அவன் எங்க தேடிப் போனான்? கண்ட்ரோல் வந்து மாத்திரை கிடைக்காம போனப்ப ஹெராயின் வந்தது, அப்புறம் ஃபென்டனில். லாபம் பாத்தவங்களுக்கு சரக்கு இறக்க இந்த ஊர் அட்ரஸ் தெரிஞ்சிருந்தது, இப்போ சிகிச்சை கொடுக்கும்போது மட்டும் "அவ்வளவு தூரம் எப்படி போறது"ன்னு கேக்கறது எனக்கு நியாயமா படலை.

செலவு பண்ணாம விட்டா மிச்சம் ஆகும்னு நினைக்கறதும் தப்பு. இண்டியானா மாநிலத்து ஸ்காட் கவுன்ட்டில ஆஸ்டின்னு 4,000 பேர் சொச்சம் இருக்கற ஊர்ல 2015ல மாத்திரையைக் கரைச்சு ஒரே ஊசியைப் பங்கு போட்டு 180 பேருக்கு மேல எச்ஐவி வந்துடுச்சு. ஒருத்தருக்கு ஆயுள் முழுக்க எச்ஐவி மருந்துக்கு ஆகற செலவுல எத்தனையோ பேருக்கு பியூப்ரனார்ஃபின் கொடுத்திருக்கலாம். அந்தக் கொள்ளைநோயை அடக்கின ஊசி மாற்று திட்டத்தையும் 2021ல கவுன்ட்டி கமிஷனர்கள் ஓட்டு போட்டு நிறுத்திட்டாங்க. உங்க சர்க்கரை நோயாளிக்கும் இதுல பங்கு இருக்கு, ஏன்னா இந்த கிராண்ட்ல வர்ற நர்ஸும் டெலிஹெல்த் வசதியும் அதே கிளினிக்லதான் உக்காரும், மத்தவங்களும் அந்த வாசல் வழியாத்தான் வருவாங்க.

கேள்வி: கிராண்ட் பணத்துல நலாக்சோன், ஃபென்டனில் டெஸ்ட் ஸ்ட்ரிப் (சரக்குல ஃபென்டனில் கலந்திருக்கான்னு காட்டற பட்டை), ஊசி எல்லாம் வாங்கலாமா?

நலாக்சோன் வாங்கலாம். டெஸ்ட் ஸ்ட்ரிப்புக்கு 2021 ஏப்ரல்ல ஃபெடரல் அனுமதி வந்தது, ஆனா எது கூடும் எது கூடாதுங்கறது மாறிக்கிட்டே இருக்கு, அதனால உங்க கிராண்டோட தற்போதைய நிபந்தனையைப் படிச்சுட்டு ஆர்டர் போடுங்க. ஊசி வாங்க ஃபெடரல் பணம் கூடாது. நலாக்சோன் மூக்கு ஸ்ப்ரே 2023லேர்ந்து சீட்டு இல்லாமலே கடைல கிடைக்குது, ஆனா கிராமத்துல கடை ராத்திரி மூடிடும், ஓவர்டோஸ் அதுக்கப்புறமும் நடக்கும், அதனால வாங்கினதை ஆபீஸ் அலமாரில பூட்டி வைக்காம நோயாளி வீட்டுக்கும் அம்மா கைக்கும் கொடுத்து அனுப்புங்க.

கேள்வி: என் அக்கா பையனுக்கு 24 வயசு, இங்கதான் பொறந்தான், ஃபென்டனில் பழக்கம். இன்ஷூரன்ஸ் இல்ல. அவன் சிகிச்சைக்கு கிராண்ட் கிடைக்குமா? வெளில சொல்லவே பயமா இருக்கு.

அம்மா, தனி ஆளுக்கு இந்த கிராண்ட் கிடையாது, சிகிச்சை கொடுக்கற இடத்துக்குத்தான் போகும். ஆனா அந்த இடத்துல இன்ஷூரன்ஸ் இல்லாதவங்களுக்கு கொடுக்கறதுக்காகத்தான் அந்தப் பணமே. ஃபெடரல் உதவி பெறற சமூக சுகாதார மையம் எதுவா இருந்தாலும் வருமானத்தைப் பொறுத்து கட்டணத்தைக் குறைக்கணும், காசு இல்லைன்னு திருப்பி அனுப்பக்கூடாது, அது சட்டம். 1-800-662-4357 சாம்சாவோட இலவச ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் எடுப்பாங்க, உங்க ஜிப் கோட் சொன்னா பக்கத்துல இருக்கற இடம் சொல்வாங்க. போன்ல "பியூப்ரனார்ஃபின் கொடுப்பீங்களா, இந்த வாரமே பாப்பீங்களா"ன்னு ரெண்டு கேள்வி கேளுங்க, இல்லைன்னா அடுத்த இடம். மருந்து இல்லாம வெறும் 30 நாள் கவுன்சிலிங்னு சொல்ற இடத்துக்கு நிறைய பணம் கட்டி அனுப்பாதீங்க, தாங்கும் சக்தி குறைஞ்சு வெளில வந்து பழையபடி எடுத்தா உயிருக்கே ஆபத்து.

பயத்தைப் பத்தி சொன்னீங்க. போதை சிகிச்சை ரெக்கார்டுக்கு சாதாரண மருத்துவ ரெக்கார்டைவிட கூடுதல் பாதுகாப்பு ஃபெடரல் சட்டத்துல இருக்கு, அவன் ஒப்புதல் இல்லாம வேலை கொடுக்கறவங்களுக்கோ போலீஸுக்கோ சும்மா கொடுத்துட முடியாது. நம்ம ஆளுங்க என்ன பேசுவாங்கன்னு யோசிச்சு மாசக்கணக்கா தள்ளிப் போடற குடும்பங்கள் எனக்குத் தெரியும். அவனை இன்னிக்கு கூட்டிட்டு போங்க, வீட்டுல நலாக்சோன் வாங்கி எல்லாருக்கும் தெரியற இடத்துல வைங்க.

கேள்வி: டென்னஸில ஒரு கிராமத்து கிளினிக்ல நிர்வாகம் பாக்கறேன். எங்க மூணு வருஷ கிராண்ட் அடுத்த வருஷம் முடியுது. சுமார் 90 பேர் சிகிச்சைல இருக்காங்க. என்ன செய்யறது?

எல்லா கடிதத்துலயும் என்னை ரொம்ப தொந்தரவு பண்ணினது இதுதான். கிராண்ட் ஆரம்பிக்கறதுக்கான காசு, மாசா மாசம் நடத்தறதுக்கான காசு வேற எங்கேர்ந்தாவது வரணும், அதை விண்ணப்பம் எழுதற அன்னிக்கே யோசிக்கணும், ஆனா விண்ணப்பத்துல "எதிர்காலத் திட்டம்"ங்கற பகுதிலதான் எல்லாரும் அழகா நாலு வரி எழுதிட்டு போயிடறாங்க.

வெர்மான்ட்டைப் பாருங்க, அதுவும் கிராமப்புற மாநிலம்தான். பெரிய மையத்துல மெத்தடோனும் சிக்கலான நோயாளிகளும், ஊர் ஊரா இருக்கற சாதாரண டாக்டர் கிளினிக்ல பியூப்ரனார்ஃபின், மெடிக்கெய்ட்ங்கற, ஏழைகளுக்கான அரசு இன்ஷூரன்ஸ்ல இருக்கற 100 நோயாளிக்கு ஒரு நர்ஸ், ஒரு கவுன்சிலர்னு கணக்கு வெச்சு அந்த சம்பளத்தை மெடிக்கெய்ட்லேர்ந்தே கொடுத்தாங்க. டாக்டர்கள் தயங்கறது மருந்து எழுத இல்ல, அதுக்கப்புறம் வர்ற போன், யூரின் டெஸ்ட், வராதவங்களைத் தேடறது, இதுக்கு ஆள் இல்லாததுதான், அந்த ஆளுக்கு நிரந்தர சம்பளம் வந்ததும் கிளினிக்குகள் சேர ஆரம்பிச்சது.

உங்க பிரச்சனை டென்னஸி மெடிக்கெய்டை விரிவாக்கலைங்கறது. குழந்தை இல்லாத ஏழை ஆம்பளைக்கு அங்க பெரும்பாலும் மெடிக்கெய்ட் கார்டு கிடைக்காது, உங்க 90 பேர்ல பாதி பேராவது அப்படித்தான் இருப்பாங்கன்னு நினைக்கறேன். அதனால இந்த மாசமே ஒரு ஆளை உக்கார வெச்சு 90 பேரோட இன்ஷூரன்ஸ் நிலைமையையும் ஒவ்வொன்னா பாருங்க. தகுதி இருந்தும் கார்டு எடுக்காதவங்க எல்லா கிளினிக்லயும் இருக்காங்க, குறிப்பா கர்ப்பிணிகள், சின்னக் குழந்தை வெச்சிருக்கறவங்க. அவங்களைப் பதிவு பண்ணினா இத்தனை நாள் கிராண்ட்ல போட்டுட்டு இருந்த விசிட்டை பில் பண்ணலாம். சில கிளினிக் கிராண்ட் இருக்கேன்னு பில்லே போடறதில்ல, நீங்க அப்படி இருந்தா இன்னிக்கே நிறுத்துங்க, நோயாளிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தா முதல்ல அங்கதான் வாங்கணும்.

கார்டே கிடைக்காத மிச்ச பேருக்கு கவுன்ட்டி செட்டில்மென்ட் பணம், மாநிலத்துக்கு வர்ற ஓபியாய்டு ரெஸ்பான்ஸ் பணம், ரெண்டையும் இப்பவே கேளுங்க. 2025 ஜூலைல வந்த சட்டத்துல கிராமப்புற சுகாதாரத்துக்குன்னு அஞ்சு வருஷத்துக்கு 50 பில்லியன் டாலர் மாநிலங்களுக்கு ஒதுக்கியிருக்காங்க, ஓபியாய்டு சிகிச்சையும் அதுல அனுமதிச்ச செலவுதான், டென்னஸி தன் பங்கை எப்படி பிரிக்குதுன்னு மாநில ஹெல்த் டிபார்ட்மென்ட்ல விசாரிங்க.

கவுன்ட்டி கமிஷனர்கள்கிட்ட போகும்போது 90 பேரோட மாச செலவை தனித்தனியா, மருந்து, நர்ஸ், லேப், வண்டின்னு ஒரே தாள்ல எழுதி எடுத்துட்டு போங்க. போன வருஷம் அந்த 90 பேர்ல எத்தனை பேர் எமர்ஜென்சிக்குப் போகலை, எத்தனை பேர் ஜெயிலுக்குப் போகலை, எத்தனை பேர் வேலைல இருக்காங்கன்னு கீழ எழுதுங்க. பட்ஜெட் ஓட்டுக்கு முன்னாடி போகணும், நிறைய கவுன்ட்டில நிதியாண்டு ஜூலை 1 ஆரம்பிக்குது, அதனால வசந்த காலத்துலயே போய் நிக்கணும். அதுவும் சரியா வரலைன்னா, கிராண்ட் முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே பக்கத்து கவுன்ட்டி மையங்கள்ல ஒவ்வொருத்தருக்கும் இடம் பேசி, முதல் அப்பாயின்ட்மென்ட் தேதியை கைல கொடுங்க, நடுவுல ஒருத்தருக்கும் ஒரு நாள்கூட மருந்து விட்டுப் போகக்கூடாது.